"வயசாச்சு" என்று விட்டுவிடாதீர்கள்!



இந்த முறை வந்த கடிதங்களில் ஒன்று ஆத்தூரிலிருந்து ஒரு சகோதரி எழுதியது. "என் மாமியாருக்கு 68 வயது. இருமல் விடவில்லை என்று எக்ஸ்ரே எடுத்தோம். 'ஹார்ட் பெரிசா இருக்கு' என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. பெரிசா இருந்தால் வெடித்துவிடுமா? இன்னும் எவ்வளவு நாள் இருப்பார்கள்? மாமியாரிடம் எதுவும் சொல்லவில்லை. யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உங்களுக்கு எழுதுகிறேன்."

அந்தச் சகோதரிக்கு மட்டுமல்ல, வயதானவர்கள் இருக்கிற எல்லா வீடுகளுக்கும் இந்த பதில் பொருந்தும் என்பதால் இங்கேயே எழுதுகிறேன். முதலில் பயத்தை விடுங்கள். பலூன் வெடிக்கிற மாதிரி இதயம் வெடித்துவிடாது. இதயம் பெரிதாயிருப்பது என்பது காய்ச்சல் மாதிரி ஓர் அடையாளம். காய்ச்சல் வந்தால், "ஜலதோஷமா, டைபாய்டா, மலேரியாவா?" என்று கேட்கிறோம் அல்லவா? அதே போல இங்கேயும் "ஏன் பெரிதாச்சு?" என்று கேட்க வேண்டும். எவ்வளவு நாள் என்ற கேள்விக்கு விடையும் அந்தக் காரணத்தில்தான் இருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் பல பேருக்கு நல்ல வைத்தியம் உண்டு. சிலருக்கு இதயம் மறுபடி சுருங்கி வருவதும் உண்டு.

எப்படிப் பெரிதாகிறது?

அவரவர் இதயம் ஏறக்குறைய அவரவர் கை முஷ்டி அளவு. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் தடவை சுருங்கி விரிகிறது. ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது, நம்மைப் போலத்தான்!

அது பெரிதாவது இரண்டு விதமாக. ஒன்று, சுவர் தடித்துப் போவது. கல்லுரலில் தினமும் மாவாட்டிய பாட்டிமார்களின் புஜம் எப்படித் திரண்டிருக்கும்! வேலை கூடினால் தசை தடிக்கும், இதயமும் தசைதானே. ஆனால் புஜம் தடித்தால் பலம். இதயச் சுவர் தடித்தால் அது விறைத்துப்போய், ரத்தம் வந்து நிரம்புவது கஷ்டமாகிறது. இன்னொன்று, சுவர் தளர்ந்து உள்அறை அகலமாகிப் போவது. குழந்தையின் ஜட்டியில் இலாஸ்டிக் பழசானால் இழுத்தது இழுத்தபடியே நிற்கும் அல்லவா, அப்படி. அப்போது ரத்தத்தை வேகமாகத் தள்ள முடிவதில்லை. எந்த விதமானாலும் கடைசியில் நீர் தேங்குகிறது. நுரையீரலில் தேங்கினால் மூச்சிரைப்பு. காலில் தேங்கினால் வீக்கம்.

எக்ஸ்ரேயில் இதயத்தின் அகலம் மார்புக் கூட்டின் அகலத்தில் பாதிக்கு மேல் இருந்தால் "பெரிசு" என்று எழுதுகிறார்கள். அது ஒரு நிழல்படம், அவ்வளவுதான். படுக்க வைத்து எடுத்திருந்தாலும், மூச்சை நன்றாக இழுத்துப் பிடிக்காமல் எடுத்திருந்தாலும், நல்ல இதயமே பெரிதாகத் தெரியும். இதயத்தைச் சுற்றியுள்ள பையில் நீர் சேர்ந்திருந்தாலும் படத்தில் அப்படித்தான் காணும். ஆகவே எக்ஸ்ரேயோடு நிற்காமல் "எக்கோ" எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள். வயிற்றில் இருக்கும் குழந்தையை ஸ்கேன் செய்து பார்த்தீர்களே, அதே ஒலி அலைதான். வலி இல்லை, ஊசி இல்லை. 1953-இல் ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரத்தில் எட்லர் என்ற டாக்டரும் ஹெர்ட்ஸ் என்ற பௌதிக நிபுணரும் சேர்ந்து கண்ட வழி இது. சுவர் தடித்திருக்கிறதா, அறை அகன்றிருக்கிறதா, வால்வு கெட்டிருக்கிறதா என்பதெல்லாம் இதில் தெரிந்துவிடும்.

கிளியூரில் ஒரு மெட்டி

நான் நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏற்காட்டில் இருப்பவள் என்பது பழைய வாசகிகளுக்குத் தெரியும். எங்கள் ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர்ப் பள்ளத்தாக்கில் சுமார் 300 அடி உயரத்திலிருந்து அருவியாக விழுகிறது. அருவிக்குப் போகிற வழிப் பக்கம் சரிவில் ஒரு குடும்பம். மாமியாருக்கு 65 வயது இருக்கும். சிறு வயதிலிருந்து காப்பித் தோட்டத்தில் பழம் பறித்தவர். கல்யாணமான நாள் முதல் விறகடுப்பு. இரண்டு வருஷத்துக்கு முன் ஐப்பசி மழையில் மருமகள் இடுப்பில் கைக்குழந்தையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சிஸ்டரம்மா, அத்தைக்குக் கால் மெட்டி இறுகிப்போச்சுங்க. சோப்புப் போட்டும் கழட்ட வரலை. கட் பண்ண ஏதாச்சும் இருக்குங்களா?"

மெட்டியைக் கேட்டு வந்தவளிடம் நான் வேறு நாலு கேள்வி கேட்டேன். மேட்டில் ஏறும்போது மூன்று இடத்தில் நிற்கிறாராம். ராத்திரி படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தபடியே உட்கார்ந்து தூங்குகிறாராம். இது ஆறு மாசமாக நடக்கிறது. மகனைக் கேட்டால், "அம்மாவுக்கு வயசாச்சுங்க, அப்படித்தான் இருக்கும்." அந்த அம்மாளைக் கேட்டால், "வயசாச்சு கண்ணு, மேடு ஏறுனா மூச்சு வாங்கத்தானே செய்யும்." எல்லோரும் ஒரே பாட்டு!

முழங்காலுக்குக் கீழே முன் எலும்பின் மேல் என் கட்டை விரலை வைத்துப் பத்து எண்ணும் வரை அழுத்தி எடுத்தேன். இட்லி மாவில் விரல் வைத்த மாதிரி குழி விழுந்து, அப்படியே நின்றது. பிரஷர் பார்த்தால் 180-க்கு 100. மறுநாளே 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்துக்கு அழைத்துப் போனார்கள்.

எக்ஸ்ரேயில் இதயம் பெரிதாகத்தான் இருந்தது. மகன் ஆடிப்போய்விட்டான். டாக்டர் எக்கோவும் ரத்தப் பரிசோதனையும் செய்துவிட்டுச் சொன்னதை, மருமகள் எனக்கு அப்படியே ஒப்பித்தாள்: "காரணம் ஒண்ணு இல்லீங்களாம், மூணாம்." பல வருஷமாக யாரும் பார்க்காத ரத்தக் கொதிப்பால் இதயத்தின் இடது பக்கச் சுவர் தடித்திருந்தது. புகையால் நுரையீரல் கெட்டு, அதனால் வலது பக்கம் விரிந்திருந்தது. போதாததற்கு ரத்த சோகை. ஹீமோகுளோபின் 8 தான். ரத்தம் நீர்த்துப் போனால் அதே பிராண வாயுவைக் கொண்டு சேர்க்க இதயம் இரட்டிப்பு ஓட்டம் ஓட வேண்டியிருக்கிறது. வயதானவர்களுக்குப் பெரும்பாலும் இப்படித்தான், இரண்டு மூன்று காரணங்கள் கைகோத்துக்கொண்டு வரும்.

புகைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்?

"பீடி, சிகரெட் தொடாத பொம்பளைக்குப் புகையால் ஹார்ட் கெடுமா?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்விக்கு விடை தேடியவரும் ஒரு பெண்தான். டாக்டர் எஸ். பத்மாவதி 1917-இல் பர்மாவில் பிறந்து, ரங்கூனில் டாக்டருக்குப் படித்து, யுத்த காலத்தில் கோயம்புத்தூருக்கு வந்து சேர்ந்தவர். பிறகு மேல்நாடுகளில் இதய வைத்தியம் கற்று, டில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரியில் வேலை பார்த்தார். இந்தியாவின் முதல் பெண் இதய நிபுணர் என்று பெயர் பெற்றவர். 1962-இல் அகில இந்திய இதய நிறுவனத்தைத் தொடங்கினார். 1992-இல் பத்ம விபூஷண் விருது கிடைத்தது. 2020-இல் தமது 103-வது வயதில் காலமானார்.

அவரும் ஒரு சக டாக்டரும் டில்லியில் 127 நோயாளிகளை ஆராய்ந்து 1959-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் நுரையீரல் கெட்டு, அதனால் இதயத்தின் வலது பக்கம் பாதிக்கப்பட்டிருந்தது. மேல்நாட்டில் இது புகை பிடிக்கும் ஆண்களின் வியாதி. இங்கேயோ பெண்களும் கணிசமாக இருந்தார்கள்! காற்றோட்டமில்லாத சமையலறையில் சாண வறட்டியும் விறகும் எரித்து, வருஷக்கணக்கில் அந்தப் புகையைச் சுவாசித்தவர்கள் அவர்கள். நம் அடுப்படியை ஆஸ்பத்திரிப் புத்தகத்துக்குள் கொண்டுபோன பெண்மணி என்று அவரைச் சொல்லலாம்.

நடப்பது இதுதான். இதயத்தின் வலது பக்கத்துக்கு நுரையீரலுக்குள் ரத்தத்தைத் தள்ளுகிற வேலை. நாள்பட்ட புகையால் நுரையீரலின் சிறு குழாய்கள் கெட்டுக் குறுகிவிட்டால், அடைத்த வடிகாலில் தண்ணீரைத் தள்ளுவது போல வலது பக்கம் முக்கி முக்கித் தள்ள வேண்டும். தள்ளித் தள்ளி அது பெரிதாகிறது.

எங்கள் கிளியூர் வீட்டில் காஸ் அடுப்பு இல்லாமல் இல்லை. இருந்தது, காப்பி போடவும், விருந்தாளி வந்தால் சமைக்கவும் மட்டும். "சிலிண்டர் தீர்ந்து போயிடுமுங்க" என்று மற்றதெல்லாம் விறகில். மலைக்குளிருக்கு வெந்நீரும் விறகில், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த அடுப்புக்கு முன்னால் இப்போது உட்காருகிறவள் மருமகள்; அவள் மடியில் எட்டு மாதக் குழந்தை. மாமியாரின் எக்கோ படத்தைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது அவருக்காக மட்டுமல்ல.

டாக்டர் சொன்னதை வைத்து மூன்று காரியம் செய்தார்கள். பிரஷர் மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் ஒரு நாள் தவறாமல். சாதத்தில் உப்பு போடுவதை நிறுத்தி, ஊறுகாய், கருவாடு, அப்பளத்தை ஒதுக்கியது. சமையல் முழுக்கக் காஸ் அடுப்பில். வெந்நீர் விறகடுப்பை வீட்டுக்கு வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றியது. ஒரு வருஷம் கழித்து எடுத்த எக்கோவில் இடது பக்கம் கொஞ்சம் தேறியிருந்தது. புகையில் போன நுரையீரல் முழுசாகத் திரும்பவில்லை. மேடு ஏறினால் இன்னும் ஒரு இடத்தில் நிற்கிறார். ஆனால் ராத்திரி படுத்துத் தூங்குகிறார். மெட்டி தளர்ந்துவிட்டது.

மற்ற காரணங்கள்

எல்லா வீட்டிலும் புகையே காரணமாக இருக்காது. வயதானவர்களுக்கு வரக்கூடிய மற்ற காரணங்களையும் சொல்கிறேன்.

ரத்தக் கொதிப்புதான் எல்லாவற்றிலும் முதல். 140-க்கு 90 என்ற அளவைத் தாண்டினாலும் பல வருஷம் வலியோ மயக்கமோ காட்டாமல் உள்ளுக்குள்ளேயே வேலை செய்கிற கள்ளன் இது.

பழைய மாரடைப்பு இன்னொன்று. "எங்கம்மாவுக்கு ஹார்ட் அட்டாக்கே வந்ததில்லையே" என்பீர்கள். சர்க்கரை வியாதி உள்ளவர்களுக்கு நெஞ்சு வலி இல்லாமலே வந்து போய்விடும். செத்துப்போன இடத்தில் தசை வேலை செய்யாது. மிச்சமிருக்கிற தசை விரிந்து கொடுக்கும்.

வால்வுக் கோளாறு: வயதாக ஆக வால்வில் சுண்ணாம்பு படிந்து இறுகிவிடும். சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின்னால் வந்த கீல்வாதக் காய்ச்சல் வால்வைக் கெடுத்துவிட்டு, பல வருஷம் கழித்துத் தலைகாட்டுவதும் உண்டு. இளம் தாய்மார்களே, குழந்தைக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, கொஞ்ச நாளில் மூட்டு மூட்டாக வலி மாறினால் அலட்சியம் வேண்டாம்.

தாறுமாறான நாடித் துடிப்பு, தைராய்டு கூடுதலோ குறைவோ, சிறுநீரகக் கோளாறு, வருஷக்கணக்கான குடிப்பழக்கம், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற பலத்த குறட்டை, இவையும் இதயத்தைப் பெரிதாக்கும். சில முதியவர்களுக்கு ஒரு வகைப் புரதம் இதயச் சுவரில் படிந்து தடிக்க வைக்கிறது. அப்படிப்பட்டவர்களில் பலருக்குச் சில வருஷம் முன்பே இரண்டு கை விரல்களிலும் மரமரப்பு இருந்திருக்கும். டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

பரம்பரையும் உண்டு. 2009-இல் ஹைதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் குமாரசாமி தங்கராஜ், மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த தண்டபாணி முதலிய விஞ்ஞானிகள் ஒரு விஷயத்தை வெளியிட்டார்கள். இதயத் தசைக்கான மரபணு ஒன்றில் 25 எழுத்து விட்டுப்போன ஒரு மாறுதல், இந்தியர்களில் 100-க்கு சுமார் 4 பேரிடம் இருக்கிறது. அது இருக்கிற எல்லோருக்கும் வியாதி வந்துவிடாது. வருகிறவர்களில் பலருக்கு நடுத்தர வயது வரை ஒன்றும் தெரியாது. ஆகையால், "உங்க குடும்பத்துல யாருக்காவது இதய வீக்கம் உண்டா? சின்ன வயசுல திடீர்னு இறந்தவங்க உண்டா?" என்று டாக்டர் கேட்டால் ஒளிக்காமல் சொல்லுங்கள். தேவையானால் பிள்ளைகளையும் சோதிக்கச் சொல்வார்.

பிரசவித்த சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நிறைமாதத்திலோ, பிரசவமாகி ஐந்து மாதத்துக்குள்ளோ, படுத்தால் மூச்சு முட்டி, கால் வீங்கினால், "பிள்ளை பெத்த உடம்பு" என்று இருந்துவிடாதீர்கள். அபூர்வமாக அந்தச் சமயத்திலும் இதயம் தளர்ந்து பெரிதாகும். உடனே போனால் பிழைக்க வழி உண்டு.

வீட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

வயதானவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். "பிள்ளைகளுக்கு எதுக்குச் செலவு?" என்று மறைப்பார்கள். சமையலும் படுக்கையும் துணியும் நம் கையில் இருப்பதால் நமக்குத்தான் முதலில் தெரியும்.

1. ஒரு தலையணை போதும் என்றவர் இரண்டு மூன்று கேட்கிறாரா? நடுராத்திரி மூச்சுத் திணறி எழுந்து ஜன்னலோரம் போய் உட்காருகிறாரா?

2. சாயங்காலம் மெட்டி, கொலுசு, செருப்பு இறுகுகிறதா? எலும்பின் மேல் அழுத்தினால் குழி நிற்கிறதா?

3. சாப்பாடு கூடாமலே மூன்று நாலு நாளில் இரண்டு கிலோ எடை ஏறியதா? அது சதை இல்லை, நீர்.

4. போன தீபாவளிக்கு நடந்த தூரம் இந்தத் தீபாவளிக்கு முடியவில்லையா? படபடப்பு, படுத்தால் இருமல், அசதி?

இவற்றில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பிரஷர், ஈ.ஸி.ஜி., எக்கோ, ரத்தத்தில் ஹீமோகுளோபின், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகச் சோதனை ஆகியவை தேவைப்படலாம். நெஞ்சு வலி, மயக்கம், உட்கார்ந்திருந்தாலும் மூச்சுத் திணறல், உதடு நீலம் பூப்பது என்றால் காத்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள்.

பிரஷர் பார்க்கப் பணம் வேண்டும் என்று தயங்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து கொடுத்தார்கள். வசதி இல்லாமல் கெட்டவர்களை விட, "எனக்கு ஒண்ணுமில்லை" என்று மாத்திரையை நடுவில் நிறுத்திக் கெட்டவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

உப்பு, ஒரு நாளைக்கு ஒருவருக்கு எல்லாம் சேர்த்து 5 கிராமுக்குள், அதாவது தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இன்னொன்று: மூட்டு வலிக்குக் கடையில் தாமாக வாங்கிப் போட்டுக்கொள்கிற மாத்திரைகள் பல, உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி, பிரஷரையும் ஏற்றிவிடும். மாமியாரின் சுருக்குப் பையில் என்ன மாத்திரை இருக்கிறது என்று பாருங்கள். அதையும் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள்.

எங்கள் ஊருக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். சாதாரணமானவர்களை இது ஒன்றும் செய்யாது. ஆனால் கிளியூர் அருவிக்கு இறங்கும்போது சுகமாக இருக்கும், திரும்ப ஏறும்போதுதான் தெரியும். மூச்சிரைப்புள்ள பெரியவர்களை மேலேயே நிழலில் உட்கார வையுங்கள். துணைக்கு ஒருவர் இருந்துவிட்டு, மற்றவர்கள் போய் வரலாம்.

ஆத்தூர்ச் சகோதரிக்கு: மாமியாரிடம் மறைக்க வேண்டாம் அம்மா. "அத்தை, உங்க மூச்சிரைப்புக்குக் காரணம் கண்டுபிடிக்கப் போறோம், வாங்க" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போங்கள். டாக்டரிடம் "பெரிசா இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள்; "எதனால பெரிசாச்சு?" என்று கேளுங்கள். பதிலை ஒரு தாளில் எழுதி வாங்கி, மாத்திரைப் பெட்டியிலேயே வையுங்கள். என்ன சொன்னார் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.